தலையில் வைத்த கை

சபை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். சபை என் குடும்பத்தை எப்படிப் புதிதாக்கியது என்று எழுத வேண்டுமாம். கூடவே அம்மாவின் படமும் வேண்டும் என்றீர்கள். குழாய் வைத்த அந்தப் பெரிய தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், கையில் கோப்பையோடு நின்று சிரிக்கிற படம். அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் விஷயம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டு மலரில் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்ன முடிவு செய்வீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும்.

அந்த ஞாயிறு பள்ளியில் ஒன்றாக இருந்த நாமெல்லோரும் ஐம்பதைத் தொட்டுவிட்டோம். காலுறையோடு அந்த மண்டபத்தில் சறுக்கி விளையாடியவர்களுக்கு இப்போது முழங்காலுக்கு மாத்திரை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் அது. ஞாயிறு பிற்பகல் மட்டும் நமக்கு. தரையில் பல நிறங்களில் விளையாட்டுக் கோடுகள், சுவரோடு மடித்துப் பூட்டிய, பிள்ளைகள் ஏறி விளையாடும் சட்டம், வெள்ளிக்கிழமைப் பள்ளிச் சாப்பாட்டின் பழைய மணம். அதற்கு மேல் நம் ஈரக் கோட்டுகளின் மணம், பின்மேசையில் மூடி வைத்த இறைச்சி ரோல்ஸின் மணம். ஆராதனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யன்னல் கண்ணாடியில் ஆவி படியும். நாம் அதில் விரலால் படம் கீறுவோம், ஞாயிறு பள்ளி அன்ரி வந்து காதைத் திருகுவார். இதையெல்லாம் மற்றவர்கள் மலரில் எழுதுவார்கள். எழுதட்டும், எல்லாம் உண்மைதான்.

நான் வீட்டைச் சொல்கிறேன். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இரண்டு அறை. அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் இரவு ஷிப்ட், காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவார். மற்ற வீட்டுத் தகப்பன்மார் இரவில் குடித்தார்கள் என்றால், எங்கள் வீட்டில் அது காலைச் சாப்பாட்டோடு நடந்தது. நான் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்து கோர்ன்பிளேக்ஸ் தின்றுகொண்டிருப்பேன், எதிரே அப்பா கிளாசை வைத்துக்கொண்டு இருப்பார். தினமும் அடித்தார் என்று சொன்னால் பொய். மாதத்தில் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை. அவருடைய கடிகாரத்துக்கு உலோகப் பட்டி, கொஞ்சம் தொளதொளப்பு. கையை ஓங்கினால் அது சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மாவின் இடது தோள் தானாக உயர்ந்து காதை மூடும். நான் தலை நிமிராமல் தின்று முடிப்பேன். பள்ளிக்குப் பிந்தக் கூடாது என்பதுதான் எனக்கு அப்போது இருந்த கவலை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தோய்த்துத் தேய்க்கும் லோன்றியில் வேலை. முகத்தில் காயத்தோடு போகிற நாளில் அங்கே சொல்ல ஒரு கதை வேண்டும். எங்கள் குசினியில் மேல் கபேர்ட் ஒன்றின் கதவு மூடாமல் எப்போதும் ஆடிக்கொண்டு நிற்கும். "குனிஞ்சு நிமிரேக்க கபேர்ட் கதவு இடிச்சுப்போட்டுது" என்று அம்மா சொல்வார். யாராவது கேட்டால் நானும் அப்படியே சொல்லும்படி பழக்கியிருந்தார். லோன்றியில் அவரோடு வேலை செய்த அன்ரி ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அந்தக் கதவைப் பார்த்து, "உந்தச் சனியனைக் கழட்டி எறியுங்கோ அக்கா" என்று திட்டினார். அவர் போன பிறகு அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். அந்தப் பொய்யை நாங்கள் இருவரும் சேர்ந்து வளர்த்தோம், அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

பெற்றோல் ஸ்டேசனில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர்தான் அவரை மண்டபத்துக்குக் கூட்டி வந்தார். நாங்கள் கத்தோலிக்கர்கள். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்குப் போவோம். வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலை சொல்வோம். சொல்வது அம்மா, தூங்குவது அப்பா. எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையின் தொடக்கத்தில் அப்பா முதன்முதலாக மண்டபத்துக்கு வந்தார். வந்த அன்றைக்கே முழங்காலில் விழுந்து சத்தமாக அழுதார். மறுநாள் காலை வேலையால் வந்ததும் போத்தல்களை எடுத்துக் குசினித் தொட்டிக்குள் கவிழ்த்தார். இரண்டு நாள் வீடு முழுக்க விஸ்கி மணத்தது. அம்மா தொட்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பா உண்மையிலேயே மாறினார். நடிப்பே இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு துளி குடிக்கவில்லை, ஒருமுறைகூட யார் மேலும் கை நீட்டவில்லை. காலையில் வரும்போது சீனி தூவிய டோனட் வாங்கி வருவார். சனிக்கிழமைகளில் என்னை பஸ்ஸின் மேல்தட்டில் முன்னாசனத்தில் இருத்தி அப்டன் பார்க் வரைக்கும் கூட்டிப் போவார், பஸ்ஸை நானே ஓட்டுவதாகச் சொல்லிச் சிரிப்பார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் என் அப்பாவை நேசிக்கத் தொடங்கியது அந்தக் கோடையில்தான். அதை யாராவது பறித்துவிடுவார்களோ என்கிற பயமும் அதே கோடையில்தான் தொடங்கியது.

கொஞ்ச நாளில் அவருக்கு ஞானஸ்நானம். அப்டன் பார்க் பக்கம் வெள்ளைக்காரர்களின் ஆலயம் ஒன்றை ஒரு சனிக்கிழமைக்கு நமக்குத் தந்திருந்தார்கள். மேடைப் பலகைகளைத் தூக்கினால் கீழே தொட்டி. தண்ணீரைச் சூடாக்குகிற இயந்திரம் அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணியது, நினைவிருக்கும். அம்மா வீட்டிலிருந்து ஒரு புதுத் துவாய் கொண்டுவந்திருந்தார், மண்ணிறக் கரை போட்டது. அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படியடியில் நின்றார். அன்று அம்மாவின் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நனைந்து நடுங்கி வெளியே வருகிற மனிதர் நேரே தன்னிடம் வருவார், வந்து ஏதாவது சொல்வார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அப்பா மற்றப் பக்கத்துப் படியால் ஏறினார். அங்கே சகோதரர்கள் சபைத் துவாயோடு நின்றார்கள். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அம்மா துவாயை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: "அம்மா, நீங்களும் எடுக்கலாம்தானே?"

"என்னத்தை?"

"ஞானஸ்நானம்."

"நான் என்ன பிள்ளை செய்தனான்?" என்றார் அம்மா.

எனக்கு அது திமிராகப் பட்டது. நாம் எல்லோரும் பாவிகள் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள் அல்லவா. அந்தத் துவாயை அதற்குப் பிறகு நான் வீட்டில் பார்க்கவில்லை.

பிறகு சாட்சி தொடங்கியது. ஞானஸ்நானம் எடுத்தவர்கள் தங்கள் பழைய வாழ்க்கையையும் புதிய வாழ்க்கையையும் மைக்கில் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். அப்பா முதல் வாரம் இரண்டு நிமிடம் பேசினார். சபைக்குப் பிடித்துப்போய்விட்டது. "இன்னும் விபரமாச் சொல்லுங்கோ பிரதர், ஆத்துமாக்களுக்குப் பிரயோசனம்" என்றார் போதகர். அடுத்த வாரம் ஐந்து நிமிடம். அதற்கடுத்த வாரம் பத்து. இருட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு அல்லேலூயாச் சத்தம் கூடியது. தன் பாவத்தைச் சொல்லும்போது அம்மாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்தது. எந்தக் கன்னம், எத்தனை நாள் வீக்கம், அம்மா எந்த மூலையில் போய் இருந்தார், எல்லாம் வந்தன. "இப்பிடித்தான் அடிச்சனான்" என்று கையை ஓங்கிக் காட்டுவார். கடிகாரப் பட்டி மைக்குக்குப் பக்கத்தில் சலசலக்கும், அந்தச் சத்தம் ஸ்பீக்கர் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்கும். மூன்றாவது வரிசையில் அம்மாவின் இடது தோள் உயரும். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் அது தெரியும். சனங்கள் கண்ணை மூடிக் கையை உயர்த்தி நிற்பார்கள்.

கஸற் பதிவு செய்கிற சகோதரரை மறந்திருக்க மாட்டீர்கள். சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு முழங்காலில் இருப்பாரே, அவர்தான். அப்பாவின் சாட்சி நன்றாக இருக்கிறது என்று பிரதி எடுத்து ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் அனுப்பினார்கள். கனடாவில் அம்மாவின் அண்ணை இருந்தார். ஒருநாள் போன் வந்தது. அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு "ஓம் அண்ணை... இல்லை அண்ணை... இப்ப நல்லாயிருக்கிறம் அண்ணை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வைத்த பிறகு நெடுநேரம் போன் அருகிலேயே நின்றார்.

லோன்றி அன்ரி மண்டபத்துக்கு வந்தது அந்தக் கிழமைக்கு அடுத்த கிழமை. அவருக்கும் வீட்டில் ஏதோ பிரச்சினை, ஜெபத்துக்காக வந்திருந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பா மைக்கைப் பிடித்தார்.

"என்ர மனைவி பாவம். வேலையில ஆக்கள் கேட்டால் கபேர்ட் கதவு இடிச்சதெண்டு சொல்லுவா. கதவில்லை சகோதரர்களே, நான்!"

சிலர் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். லோன்றி அன்ரி திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து கைப்பையின் சிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார். பையிலிருந்து எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் அன்ரி அம்மாவைக் கட்டிப்பிடித்து, "என்ன பெரிய விடுதலை அக்கா!" என்று அழுதார். நல்ல மனுசி. திங்கட்கிழமை லோன்றி முழுக்க அந்த விடுதலையைச் சொல்லி முடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் அம்மா குசினியில் அப்பாவிடம் கேட்டார். நான் மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தேன்.

"ஏன் அந்தக் கதவுக் கதையைச் சொன்னீங்கள்?"

"உண்மையைத்தானே சொன்னனான்? ஒளிச்சு வைக்கிறதுதான் பாவம்."

"அடிச்சது உங்கட பாவம். கதவு என்ர பொய். அதை ஏன் எடுத்தனீங்கள்?"

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்தானே."

"ஆண்டவருக்குத் தெரியட்டும். லோன்றிக்கு ஏன் தெரியோணும்? பூசையிலயெண்டால் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்ள போய்ச் சுவாமியாரிட்டச் சொல்லுவம். அது வெளிய வராது. நீங்கள் என்னை மைக்கில வைச்சுச் சொல்லுறீங்கள்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "நான் மாறினது உமக்குச் சந்தோசமில்லையோ?"

"சந்தோசம்தான். ஆனால் ஒருக்கா என்னட்டயும் சொல்லுங்கோவன்."

"என்னத்தை?"

"பிழை விட்டுட்டன் எண்டு. மைக் இல்லாமல். இஞ்ச, இந்தக் குசினிக்குள்ள."

அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. நான் பார்த்தேன், உண்மையான குழப்பம்தான் இருந்தது. "ஆண்டவரே மன்னிச்சிட்டார். பிறகு நான் உம்மட்டக் கேட்டால், அவற்ர மன்னிப்புப் போதாதெண்டெல்லோ ஆகும்? அது அவரை அவமதிக்கிறதப்பா" என்றார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கேட்டது அவ்வளவுதான். ஒரே ஒரு வசனம். அதைச் சொல்ல அப்பாவுக்கு மார்க்கத்தில் இடமில்லாமல் போய்விட்டது.

அப்பா இதைப் போதகரிடம் சொல்லியிருக்கிறார். போதகரும் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் சோபாவில் இருந்து அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அம்மாவுக்குள் மன்னியாத ஆவி ஒன்று குடியிருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். குடிவெறிகாரன் இரட்சிக்கப்பட்டுவிட்டான், குடிக்காத மனைவிதான் தடையாக நிற்கிறாள் என்று ஆயிற்று. போகும்போது போதகர் என் கன்னத்தைத் தட்டி, "பிள்ளை அம்மாக்காக ஜெபிக்கோணும் என்ன" என்றார். ஞாயிறு பள்ளி அன்ரி அதற்கு மேலும் ஒரு படி போனார். வீட்டில் ஒருவர் கதவைத் திறந்து விட்டாலே போதும், விரட்டிய பிசாசு திரும்பி வந்துவிடும் என்று எனக்குத் தனியாகச் சொன்னார்.

எனக்கு விளங்கியது இதுதான்: அம்மா மன்னிக்காவிட்டால் அப்பா மறுபடி குடிப்பார். டோனட் போய்விடும், பஸ்ஸின் முன்னாசனம் போய்விடும். அன்றிலிருந்து அம்மாவோடு சரியாகப் பேசுவதை விட்டேன். தலை பின்ன வந்தால் இழுத்துக்கொண்டு போவேன். அடித்தவர் மேல் வராத கோபம் அடி வாங்கியவர் மேல் வந்தது. அதற்கு எனக்குப் பத்து வயது என்பதைத் தவிர வேறு சமாதானம் கிடையாது, அந்தச் சமாதானமும் எனக்குப் போதவில்லை.

கோடை முடிந்து பள்ளி தொடங்கிய பிறகு வந்த நன்றி ஆராதனையை நீங்கள் எல்லோரும் மலரில் எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். மழை நாள். மண்டபம் நிரம்பியிருந்தது. போதகர் திடீரென்று, "இண்டைக்கு எங்கட சகோதரி முன்னுக்கு வந்து, ஆண்டவர் தன்ர வீட்டில செய்த நன்மையைச் சொல்லுவா" என்றார். அம்மாவிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை. அம்மா எழும்பிப் போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார், அந்தத் துவாயைப் பிடித்ததுபோல.

"அவர் இப்ப குடிக்கிறதில்லை. அடிக்கிறதில்லை. அது உண்மை. ஆண்டவருக்கு நன்றி."

கைதட்டினீர்கள். அம்மா தட்டி முடியும் வரைக்கும் காத்து நின்றார்.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். கனடா வரைக்கும் தெரியும். என்னட்டத்தான் இன்னும் சொல்லேல்லை."

சுவரோரத்துச் சூட்டுக் குழாய் டிக் டிக் என்றது. கீபோர்ட் வாசிக்கிற சகோதரர் விரலைக் கட்டையில் வைக்காமல் போதகரைப் பார்த்தார். அப்பா முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அந்தக் கணத்தில் அவர் எழும்பியிருக்கலாம். நாலு அடி தூரம். நான் இன்றைக்கும் அந்த நாலு அடியை அளந்துகொண்டுதான் இருக்கிறேன்.

போதகர் வந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். "கசப்பின் ஆவி பேசுது. சபை எழும்பி ஜெபிக்கட்டும்" என்றார். கதிரைகள் இழுபட்டன. அம்மாவைத் தரையில் நீலக் கோட்டால் போட்டிருந்த வட்டத்துக்குள் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து அவர் தலையிலும் தோளிலும் கை வைத்தார்கள். "பிள்ளையும் வரட்டும், பிள்ளையின்ர ஜெபத்துக்கு வல்லமை கூட" என்றார் போதகரின் மனைவி. என்னைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கதிரையில் ஏற்றிவிட்டார். நான் வலது கையை அம்மாவின் உச்சந்தலையில் வைத்தேன். தேங்காய் எண்ணெயும் மழை ஈரமும் கையில் ஒட்டின, ஒரு கொண்டை ஊசி உள்ளங்கையில் குத்தியது. எனக்குப் பெருமையாக இருந்தது. "சாத்தானே வெளிய போ" என்று மற்றவர்களை விடச் சத்தமாகக் கத்தினேன். அம்மா கண்ணை மூடி அசையாமல் நின்றார்.

அப்போது அப்பா பின்னாலிருந்து வந்தார். கண்ணீரோடுதான் வந்தார். தானும் கை வைப்பதற்காக எல்லோர் கைக்கும் மேலாகத் தன் கையை உயர்த்தினார். கடிகாரப் பட்டி சலசலத்தது.

அம்மாவின் தலை என் கைக்குக் கீழே துள்ளியது. இடது தோள் உயர்ந்து காதை மூடியது. முழங்கால் மடங்கி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு வட்டத்துக்குள் சுருண்டு இருந்துவிட்டார்.

"விடுதலை!" என்று போதகர் கத்தினார். "போயிட்டுது! போயிட்டுது!" கீபோர்ட் முழங்கியது, சனங்கள் துள்ளினார்கள், நீங்களும் என்னோடு சேர்ந்து துள்ளினீர்கள். அந்தச் சத்தத்துக்கு அம்மா குனிவதை நான் எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் போனது பிசாசு என்று நம்பவே எனக்கு விருப்பமாக இருந்தது, அதனால் நம்பினேன். அப்பா அழுதுகொண்டே என்னைத் தூக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பாவின் சாட்சிக்கு ஒரு முடிவுரை கிடைத்தது: "அண்டைக்கு என்ர மனைவிக்கும் விடுதலை கிடைச்சுது." அம்மா ஒன்றும் மறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பின்மேசைக்குப் போய், "நான் தேத்தண்ணியைப் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த மேசையை விட்டு அவர் முன்னுக்கு வரவில்லை. சபை சொந்தக் கட்டடம் வாங்கிய பிறகும் அம்மா தேநீர்ப் பாத்திரத்தடியில்தான். சாந்தமான சகோதரி, ஊழிய மனம் உள்ளவர் என்று நீங்கள் எல்லோரும் மெச்சினீர்கள். நான் கலியாணம் கட்டி ஹரோவுக்குப் போன பிறகு ஒருநாள் உதவிக்கு நின்றபோதுதான் கவனித்தேன். சாட்சி நேரம் தொடங்கும்போது பார்த்து அம்மா பாத்திரத்தின் சுவிட்சைப் போடுவார். தண்ணீர் கொதிக்கிற இரைச்சலில் அந்த மூலைக்கு மைக் சத்தம் கேட்காது.

அம்மாவுக்கு நோய் வந்து படுத்த வருடம் நான் வாரத்தில் மூன்று நாள் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவேன். முடி நன்றாக உதிர்ந்திருந்தது. ஒருநாள் உச்சியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது அம்மா, "உன்ர கை அண்டைக்கும் இப்பிடித்தான் சூடாக் கிடந்தது" என்றார். எண்டைக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அம்மா கேட்கக் காத்திருந்த மாதிரித் தலையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினார். வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம்தான். "தேத்தண்ணி போடட்டே அம்மா?" என்று கேட்டேன். "ஓம், போடு" என்றார்.

அவர் இறந்தபோது பெட்டியை மூடுவதற்கு முன்னால் அப்பாவும் நானும் மட்டும் உள்ளே நின்றோம். அப்பா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அதே கடிகாரம், அதே பட்டி, அது சலசலத்தது. அம்மாவின் தோள் அசையவில்லை. அப்பா அவர் காதடியில், "நான் பிழை விட்டுட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றார். மைக் இல்லாமல், மெதுவாக, அம்மா கேட்ட அதே வசனம். நான் அப்பாவின் முதுகில் கை வைத்தேன். அவரை நான் மன்னித்த கணம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

அடுத்த ஞாயிறு அவர் மைக்கைப் பிடித்தார். "போன கிழமை பெட்டியடியில நிண்டு என்ர மனைவியிட்ட மன்னிப்புக் கேட்டன். கடைசிப் பாரத்தையும் ஆண்டவர் எடுத்துப்போட்டார்" என்றார். நீங்கள் எழும்பி நின்று கைதட்டினீர்கள். பின்மேசையில் யாரும் சுவிட்சைப் போடாததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

அப்பா இப்போது ஹரோவில் என்னோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், மலரில் தன் படம் பெரிதாக வருமா என்று கேட்டார். வரும் என்று சொன்னேன். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து வாசித்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. என் கை அந்தத் தலையில் இருந்ததை, தெரிந்தும் தெரியாததுபோல் துள்ளியதை இப்போது உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கனடாவில் இருப்பவர்களும் படிப்பீர்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. எண்ணெய்க் கையோடு நின்ற அன்றைக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது, நான் தேத்தண்ணி போடப் போனேன்.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இதை எங்கேயாவது வாசிப்பீர்களானால், தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்.